ஒரு நிமிஷம்கூட இருக்காது

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து பதினோரு தலை, ஏழு சவரம். முழங்கால் விண்விண் என்கிறது. இருந்தாலும் நல்ல நாள். மூன்று பேர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்கள்.

இதை நான் எண்ணுவது என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. "மத்த கடைக்காரங்க எத்தனை பேர் வந்தாங்கன்னு பாப்பாங்க. நீங்க எத்தனை பேர் தூங்குனாங்கன்னு பாக்குறீங்க" என்கிறாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. தொண்டையில் கத்தி நிற்கும்போது ஒரு மனுஷன் கண்ணை மூடித் தூங்குகிறான் என்றால் அந்தக் கையை எவ்வளவு நம்ப வேண்டும்! இருபத்தெட்டு வருஷத்தில் நான் வாங்கிய பட்டம் இது ஒன்றுதான். இரண்டாம் நாற்காலியில் வேலை செய்யும் மச்சினன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்: "எங்க மாமா கையில மயக்க மருந்து இருக்கு, ஜாக்கிரதை." அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இன்று தூங்கியவர்களில் ஒருவர் கிடங்குக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிடங்கில் பெட்டி சரிந்து முதுகில் விழுந்தது. அதிலிருந்து வேலை இல்லை, வலி மட்டும் இருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். வீட்டில் படுத்தால் தூக்கம் வராது, இந்த நாற்காலியில்தான் வருகிறது என்பார். அவரை எழுப்ப மனசே வராது.

மார்ச் 11, புதன்

சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா கடைக்கு வந்தார். முடி வெட்டிக்கொள்ள வரவில்லை, என்னை மாணவனாகச் சேர்க்க வந்தார்.

இந்தப் பேட்டையில் ஒரே வருஷத்தில் நான்கு பேர் வலி மாத்திரையால் செத்திருக்கிறார்களாம். திருட்டு மருந்து இல்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதான். ஓபியாய்டு என்று பெயர். ஒன்று போடச் சொன்னால் இரண்டு போடுவது, பக்கத்து வீட்டில் மிச்சமிருந்ததை வாங்கி விழுங்குவது - அப்படியே மூச்சு நின்றுவிடுமாம். அதை முறிக்க மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று இருக்கிறதாம். பஸ் டிரைவர்களுக்கு ஏற்கெனவே பயிற்சி கொடுத்துவிட்டார்கள். அடுத்து சலவைக்கடை, நூலகம், சலூன்.

"சலூனுக்கு எதுக்கு அக்கா?" என்றேன்.

"ஆம்பளைங்க டாக்டர்கிட்ட சொல்லாததெல்லாம் உங்ககிட்டதான சொல்றாங்க" என்றார்.

அது வாஸ்தவம். அடுத்த புதன் மூன்றிலிருந்து ஐந்து மணிவரை, நூலகத்து மாடியில். வருகிறேன் என்று தலையாட்டினேன்.

மார்ச் 18, புதன்

போனேன். நாற்பது நாற்காலி, இருபத்திரண்டு பேர். வாசலிலேயே கையெழுத்துத் தாள். வந்த நேரம், போன நேரம் என்று இரண்டு கட்டம். இரண்டிலும் ஒரேயடியாகப் போட்டுவிட்டேன், அப்புறம் எதற்கு வரிசையில் நிற்பது.

முதல் ஒரு மணி நேரம் மாத்திரை எப்படி ஆளைப் பிடிக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். மருந்தைப் பிரித்து மூக்கில் வைத்து அழுத்துவது எப்படி என்று ஒரு பொம்மையை வைத்துக் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. டீ இடைவேளையில் மச்சினன் போன் செய்தான், கடையில் நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்று. இரண்டாம் மணி நேரம் 'அறிகுறிகளைக் கண்டுபிடிப்பது' என்று பலகையில் எழுதியிருந்தது. ஒருத்தன் மயங்கிக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாதா? நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? மருந்துப் பெட்டியையும் ஒட்டும் சீட்டையும் வாங்கிக்கொண்டு பின்படி வழியாக இறங்கி வந்துவிட்டேன்.

"முழுசா இருந்தீங்களா?" என்றாள் மனைவி.

"முழுசா" என்றேன்.

மார்ச் 21, சனி

மருந்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து நடுக் கண்ணாடிக்கு மேலே மாட்டினேன். யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று ஒரு குட்டிப் பூட்டு. சாவி வீட்டுச் சாவிக்கொத்தில். வாசல் கதவில் சீட்டு: 'இங்கே உயிர் காக்கும் மருந்து உண்டு.' எதிர்க்கடைக்காரன் நின்று படித்துவிட்டுப் போனான். கடைக்கே ஒரு களை வந்துவிட்டது.

ஏப்ரல் 4, சனி

இன்று எழுத முடியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை, இங்கேயாவது இருக்கட்டும்.

நேற்று பத்தரை மணிக்குக் கிடங்குக்காரர் வந்தார். திங்கட்கிழமை கிடங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "பளிச்சுன்னு பண்ணிவிடுங்க தம்பி" என்றார். நாற்காலியில் சாயும்போதே முனகினார். "நேத்து பூரா வலி தாங்கல. இன்னிக்கு ஒண்ணுக்கு ரெண்டா போட்டுட்டேன்" என்றார்.

சொன்னார். என் காதுபடச் சொன்னார். நர்ஸ் அக்கா எதைச் சொல்லுவார்கள் என்றாரோ அதையே, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து சொன்னார். நான் என்ன சொன்னேன்? "அப்ப நல்லா தூங்குங்கண்ணே" என்றேன்.

வலது கன்னம் முடிப்பதற்குள் குறட்டை. வழக்கமான குறட்டை மாதிரி இல்லை. அடித்தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போல, ஒன்று வரும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது, மறுபடி ஒன்று. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பெருமை. மனுஷன் இப்படித் தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ என்று. ரேடியோவை நிறுத்தினேன். மச்சினனை ஹேர் டிரையரை அணைக்கச் சொன்னேன். காத்திருந்தவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். பேச்சே கூப்பாடாக இருப்பதால் அவருக்கு எங்கள் கடையில் ஹாரன் என்று பெயர். அவரையும் உதட்டில் விரல் வைத்து அடக்கினேன். இடது கன்னத்தில் நுரை அப்படியே இருக்க, கிடங்குக்காரரைத் தூங்கவிட்டு, மூன்றாம் நாற்காலியில் ஒரு வாத்தியாரை உட்காரவைத்து முடி வெட்ட ஆரம்பித்தேன்.

வாத்தியார் தலை முக்கால்வாசி முடிந்தபோது குறட்டை நின்றது. அப்பாடா, இப்போதுதான் ஆழ்ந்த தூக்கம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு வாத்தியாரின் கழுத்தைச் சுத்தம் செய்தேன். கிருதாவைச் சரி பார்த்தேன். பவுடர் போட்டேன். பின்னால் கைக்கண்ணாடி காட்டினேன்.

ஹாரன்தான் எழுந்தார். "என்னங்க இது, குறட்டையைக் காணோம்?" என்றார். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அப்புறம் அவர் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "யோவ், உதடு நீலமா இருக்குய்யா! மருந்தை எடு!"

பூட்டு. சாவிக்கொத்து மனைவியிடம். நான் பெட்டியைப் பிடித்து இழுக்கிறேன், வரவில்லை. மச்சினன் கிளிப்பர் மிஷினால் கண்ணாடியை உடைத்தான். ஹாரன் அவரைத் தரையில் இறக்கிப் படுக்கவைத்து, மார்பு எலும்பில் கைமுட்டியால் தேய்த்து, மூக்கில் மருந்தை அடித்து, நுரையோடு இருந்த அந்த வாயில் வாய் வைத்து ஊதினார். நான் என்ன செய்தேன்? கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது மருந்தும் அடித்த பிறகுதான் ஒரு பெரிய இழுப்பாக மூச்சு வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஹாரனுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடினார். ஆம்புலன்ஸ் பெண் தாளும் பேனாவுமாக என்னிடம் வந்தாள். "எவ்வளவு நேரமா மூச்சில்லாம இருந்தாரு?"

"இப்பத்தான். ஒரு நிமிஷம்கூட இருக்காது" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நர்ஸ் அக்கா வந்தார், கூடவே பயிற்சிக் குழுவிலிருந்து இரண்டு பேர். திட்டம் ஆரம்பித்துக் காப்பாற்றப்பட்ட முதல் உயிராம். உடைந்த பெட்டிக்குக் கீழே என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். "பயிற்சி வீண் போகலை" என்று நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

ஹாரன்தான் மருந்து அடித்தார் என்று சொன்னேன். அதுவரைக்கும் சொன்னேன். "ஆனா மருந்து இருந்தது உங்க கடைலதான?" என்றார்கள். ஆமாம், பூட்டி வைத்திருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மச்சினன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தரையைக் கூட்டினான். அப்போதுதான் கூட்டியிருந்த தரை.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசல்வரை போனேன். கிடங்குக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னத்தில் ஒரு வாரத்து முள்தான், மறு கன்னத்தில் மூன்று வாரத்துத் தாடி அடர்ந்து நிற்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. என் வேலையை அடையாளம் காட்ட வேறு சாட்சியே வேண்டாம். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

மனைவி கேட்டாள், "பாத்தீங்களா? எப்படி இருக்காரு?"

"பாத்தேன். நல்லா இருக்காரு" என்றேன். பொய் சொல்ல நாக்கு பழகிவிட்டது போல, யோசிக்காமலே வருகிறது.

ஏப்ரல் 15, புதன்

மே 6-ஆம் தேதி கூட்டமாம். நான்கு பேட்டைகளின் சலூன்காரர்கள், அழகு நிலையத்துப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். நான் 'அனுபவம்' பேச வேண்டுமாம். பொன்னாடை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 18, சனி

ஹாரன் இரண்டு வாரமாக வரவில்லை. முடி வெட்டும் நாள் தாண்டிவிட்டது. எதிர்ச்சாரி சலூனில் வெட்டிக்கொண்டார் என்று மச்சினன் சொன்னான்.

மதியம் வேண்டுமென்றே அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபிறகும் உட்கார்ந்திருந்தேன். அவர் இன்ஜினை அணைத்தார். சத்தமே இல்லாமல் பேசினார். அவரால் அப்படிப் பேச முடியும் என்று எனக்கு இதுநாள்வரை தெரியாது.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட எத்தனை நிமிஷம்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்க பொழப்பு. ஆனா அந்தக் குறட்டையைப் பத்தி எங்க பயிற்சியில அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாங்க. டேப்ல போட்டுக் காட்டினாங்க. எனக்கும் கடையில கேட்டப்போ சட்டுனு உறைக்கல. நீங்க விரல் வச்சு அடக்குனீங்க, நானும் அடங்கிட்டேன். அதுவே எனக்குத் தாங்கல" என்றார்.

என்னைவிட அவருக்கு வெட்கம் அதிகம் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல் 25, சனி

கிடங்குக்காரருடைய மனைவி கடைக்கு வந்தாள். பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு.

"அண்ணா, உங்களாலதான் அவரு உசிரோட இருக்காரு" என்று கும்பிட்டாள். நான் கையில் கத்தியோடு நிற்கிறேன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறதாம். வார்த்தை வரமாட்டேன் என்கிறதாம் அவருக்கு. தம்ளரைப் பிடித்தால் நழுவுகிறதாம். காலையில் சொன்னது மதியம் நினைவில்லை.

"ஒரு நிமிஷம்தான் மூச்சில்லாம இருந்தாரு, அதுல மூளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. அப்ப இது ஏன்? இன்னும் எங்கியோ ஒளிச்சு வச்சு முழுங்குறாருண்ணா. எனக்குத் தெரியும். சட்டைப் பையெல்லாம் துழாவறேன், தலகாணியைப் பிரிச்சுப் பாத்துட்டேன். வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில பாக்குறேன். இல்ல இல்லன்னு அழறாரு. எப்படி நம்புறது? அலுவலக வேலைக்கும் போதை ஆளு வேணாம்னுட்டாங்க. என் தங்கச்சி பிள்ளைங்களை வீட்டுக்கே அனுப்ப மாட்டேங்குறா."

நாக்குக்கு அடியில் பார்க்கிறாள். ஐம்பது வயது மனுஷன் பெண்டாட்டி முன்னால் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறார். திருடாத திருட்டுக்கு. திருடிய நான் பழப்பையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான்கே வார்த்தை. சொன்னேனா? "சரியாயிடும்மா" என்றேன்.

ச்சீ.

ஏப்ரல் 26, ஞாயிறு

மனைவியிடம் சொல்லிவிட்டேன். பயிற்சியிலிருந்து பாதியில் வந்தது, பூட்டு, குறட்டை, ஆம்புலன்ஸ் பெண், பழம், எல்லாம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை நிறுத்தாமல் மடித்தாள்.

"இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கா பேச்சு வரல?" என்றாள்.

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, "எத்தனை நிமிஷம்னாவது தெரியுமா உங்களுக்கு?" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப போய் மறுபடி ஒரு பொய் சொல்லப்போறீங்க. முதல்ல அதைத் தெரிஞ்சுக்குங்க" என்றாள். பழப்பை மேசைமேல் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது. யாரும் தொடவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

கடை விடுமுறை. கதவைச் சாத்திக்கொண்டு மச்சினனை மூன்றாம் நாற்காலியில் வாத்தியாராக உட்காரவைத்தேன். கடிகாரத்தை எதிரில் வைத்தேன். குறட்டை நின்றபோது என் கை எங்கே இருந்தது என்பது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரியும். இடது காதுக்குப் பின்னால் கத்தரி போட்டுக்கொண்டிருந்தேன். மற்றதெல்லாம் பொய் சொல்லும், கை சொல்லாது. இருபத்தெட்டு வருஷமாக ஒரே வேகத்தில் ஓடுகிற கை.

இடது காது. பின்கழுத்துக் கோடு. நுரை தடவிக் கழுத்தை மழித்தல், இரு பக்கமும். கிருதா. வாத்தியார் வலது கிருதா கொஞ்சம் நீளம் என்றார், அதைத் திருத்தினேன். பவுடர், பிரஷ். கைக்கண்ணாடி - அவர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தது. துணியை உதறியது.

ஆறு நிமிஷம் பத்து வினாடி.

நம்பாமல் மறுபடி ஒருமுறை செய்தேன். ஆறு ஐந்து. மச்சினனின் கிருதாவில் வெட்ட முடியே மிச்சமில்லை. நான் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்த நாற்காலி. அழுதேன். அவன் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தான். "போய்ச் சொல்லிடுங்க மாமா. அந்த டிரையரை நீங்க அணைக்கச் சொன்னதும் அணைச்சது நான்தான். நானும் வரேன்" என்றான். வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

போனேன். கிடங்குக்காரர் வீடு இரண்டாம் மாடியில். படியில் மூன்று தடவை நின்றேன், முழங்கால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். இரண்டு கன்னத்திலும் தாடி. என்னைப் பார்த்ததும் சிரித்தார், பெயர் தேடுகிறார் என்று தெரிந்தது. அவள் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் எடுக்கப் போனாள். வேண்டாம், நில்லுங்கள் என்றேன். நின்றபடியே சொன்னேன். ஒரு நிமிஷம் இல்லை, ஆறு நிமிஷம். குறட்டை விட்டபோதே எழுப்பியிருக்க வேண்டும். ரெண்டு மாத்திரை போட்டதாக என்னிடம் சொன்னார். நான் தூங்கவிட்டேன். பயத்தில் பொய் சொன்னேன். இப்போது வார்த்தை வராதது அதனால்தான். அவர் எதையும் ஒளித்து வைத்து முழுங்கவில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அவரைப் பார்த்தாள். "ஆறு நிமிஷமா?" என்று அவரிடம் கேட்டாள், அவருக்குத் தெரியும் என்பது போல. போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நான் உன் வாயைத் திறக்க வச்சனே. நாயை அதட்டுற மாதிரி அதட்டுனனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். இரண்டு தடவை நழுவி, மூன்றாம் தடவை வைத்தார்.

பிறகு அவள் எழுந்து ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். "எழுதிக் குடுங்க. டாக்டர்கிட்ட காட்டணும்."

எழுதினேன். இடது காதிலிருந்து துணி உதறியதுவரை எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு கையெழுத்து.

"இப்ப நீங்க போங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

மே 1, வெள்ளி

நர்ஸ் அக்காவிடமும் சொன்னேன். அவர் உள்ளே போய் அந்தப் பழைய கையெழுத்துத் தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். வந்த நேரம், போன நேரம். இரண்டும் ஒரே மையில், ஒரே சாய்வில்.

"உங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. இடைவேளைக்கு அப்புறம் நான் தலையை எண்ணலை. தாளைத்தான் எண்ணுனேன்" என்றார். அப்புறம் முகம் சிவக்க, "ஆனா அந்த ஒரு நிமிஷம், அதை என்னால மன்னிக்க முடியாதுங்க. டாக்டர் அதை வச்சுத்தான் அவரை அனுப்பிட்டாரு. முதல் வாரத்துலயே பேச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார்.

ஆறாம் தேதி நான் வரவில்லை, வேறு யாரையாவது பேசவிடுங்கள் என்றேன்.

"வருவீங்க. வந்து இதையேதான் பேசுவீங்க. இருபத்திரண்டு பேர் கையெழுத்துல எத்தனை பேர் உங்களை மாதிரி பின்படியில இறங்குனாங்களோ" என்றார்.

மே 6, புதன்

அறுபது பேருக்கு மேல். பாதிப் பேர் தெரிந்த முகம். எதிர்ச்சாரிக் கடைக்காரன் முதல் வரிசையில். என்னை 'உயிர் காத்தவர்' என்று அறிமுகம் செய்ய ஒருவர் எழுந்தார், நர்ஸ் அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டு போனதைப் படிக்கக் கண்ணாடியை மறந்துவிட்டேன். மைக்கில் வாயை வைத்து அந்தக் குறட்டையை விட்டுக் காட்டினேன். கொப்பளிப்பு, இடைவெளி, மறுபடி. கூட்டம் குபீரென்று சிரித்தது. சிரிக்கத்தானே செய்வார்கள்? நான் நிறுத்தவில்லை. இடைவெளியை நீட்டினேன். பிறகு விடவே இல்லை. மைக்கைப் பிடித்தபடி சும்மா நின்றேன். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

"இதுதான். இதைக் கேட்டு நான் ரேடியோவை நிறுத்தினேன்" என்றேன்.

மற்றதெல்லாம் சொன்னேன். பூட்டு, சாவி, ஒரு நிமிஷம், ஆறு நிமிஷம், பழம். அழகு நிலையத்துப் பெண் ஒருத்தி கேட்டாள், "சும்மா தூங்குறவங்களை எழுப்புனா கோச்சுக்குவாங்களே?" கோபித்துக்கொள்ளட்டும் அம்மா என்றேன். கோபித்துக்கொள்ள மூச்சு வேண்டும். யாரும் கை தட்டவில்லை. நல்லதாகப் போயிற்று. இடைவேளைக்குப் பிறகு நர்ஸ் அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையை எண்ணினார். ஒருவர்கூடக் குறையவில்லை. நானும் கடைசிவரை உட்கார்ந்தேன். டேப்பில் அந்தச் சத்தத்தைப் போட்டபோது வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. உட்கார்ந்தேன்.

மே 16, சனி

கூட்டம் குறைந்துவிட்டது. வாத்தியார் வருவதில்லை. 'தூங்கினா எழுந்திரிக்க முடியாத சலூன்' என்று எதிர்ச்சாரியில் பேசுகிறார்களாம். பேசட்டும். இல்லாததையா சொல்கிறார்கள்.

கதவிலிருந்த சீட்டை எடுத்துவிடலாமா என்றான் மச்சினன். வேண்டாம் என்றேன். நர்ஸ் அக்கா மறுபடி கொடுத்த மருந்தை நடு நாற்காலிக்குப் பக்கத்தில் வெறும் ஆணியில், நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பெட்டி இல்லை, பூட்டு இல்லை. கண் மூடுகிறவர்களைத் தட்டி எழுப்பிவிடுகிறேன். "என்னய்யா, நிம்மதியா கண்ணை மூட விடமாட்டேங்குற" என்று இரண்டு பேர் சலித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் எழுந்த கையோடு, முழங்கை ஆபரேஷனுக்குக் கொடுத்த மாத்திரை பாதி வீட்டில் மிச்சமிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். சுகாதார நிலையத்தில் திரும்ப வாங்கும் பெட்டி இருக்கிறது என்றேன். இன்றே கொண்டுபோய்ப் போடச் சொன்னேன்.

மே 23, சனி

ஹாரன் வந்தார். முடி வெட்டிக்கொண்டார். போகும்வரை கத்திக் கத்திப் பேசினார்.

ஜூன் 13, சனி

பத்தரை மணிக்குக் கிடங்குக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவள் முன்னால், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவர். பேச்சுப் பயிற்சிக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. தாடி தாடைக்குக் கீழே இறங்கிவிட்டது.

"வேற எங்கயும் உக்கார மாட்டேங்குறாரு" என்றாள், என்னைப் பார்க்காமல். "முகத்துல துணி கிணி போட்டு மூடக் கூடாது. அவரைப் பேச வச்சுக்கிட்டே செய்ங்க." பெஞ்சில் போய் உட்காரவில்லை. மூன்றாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவர் மார்பைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

முதலில் கத்தரி, பிறகு நுரை. "பேசுங்கண்ணே" என்றேன். கிடங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தையும் எங்கிருந்தோ தேடி எடுத்து வர வேண்டியிருந்தது. அவர் தேடும்போதெல்லாம் நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். 'பெட்டி' என்பதற்கு ஒரு நிமிஷம் ஆயிருக்கும். ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போது தெரியும். அவளுக்கும் தெரியும். யாரும் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை.

வலது கன்னம் முடிந்ததும் கண்ணாடியில் பார்த்தார். தடவிப் பார்த்தார். மறு கன்னத்தைக் காட்டி, "இது... பாக்கி" என்றார். மச்சினன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பாக்கிதாண்ணே" என்றேன்.

மேலுதட்டுக்கு வந்தபோது மூக்கின் அடியில் விரலை வைத்தேன், எப்போதும் வைப்பதுதான். மூச்சு விரலில் பட்டது. சூடாக, ஒன்று, அடுத்தது, அடுத்தது. அது படும்வரை நின்று, பட்ட பிறகு ஒரு இழுப்பு. அப்படியே முடித்தேன்.

நடுவில் ஒருமுறை அவர் கண்ணை மூடினார். கத்தியை எடுத்துவிட்டேன். அவள் எழுந்துவிட்டாள். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "தூங்கல" என்றார்.

மூன்று பேரும் சிரித்தோம். அவள் சிரித்தது என்னோடு இல்லை, அவரோடு. அது எனக்குத் தெரியும். போகும்போது வாசலில் நின்று, "அடுத்த சனிக்கிழமை?" என்று கேட்டாள்.

வாங்க என்றேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.